ஒன்றரை அடிச் சுவரும் ஐந்து திரையும்

மழை தூறினால் தூவானம் அடிக்கிற இடம் அது. முற்றத்துத் தூணடியில், உரலுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பாயை மடித்துப் போட்டுக்கொண்டு மகள் ஒரு மாதமாக அங்கேயே குந்தியிருந்தாள். கையில் ராப் என்கிற தட்டைக் கணினி. காதில் இயர்ஃபோன். கொரியன் தொடர்.

"அறைக்குள்ள கட்டில் கிடக்குது. ஏன் பிள்ளை உதில இருந்து பனி குடிக்கிறாய்?" என்று அம்மா கேட்டா.

"இஞ்ச மட்டும்தான் அம்மம்மா ரெண்டு கோடு வரும்."

அம்மாவுக்கு வைஃபை என்றால் என்னவென்று விளங்கியதோ தெரியாது. ஆனால் கோடு வருகிற இடத்தைத் தேடிப் போய் இருக்கிற சங்கதி நன்றாகவே விளங்கியது. "அப்ப நாங்கள் அன்ரெனா திருப்பின மாதிரி" என்றா.

சரியாகச் சொன்னா. இலங்கையின் அரச ரிவியான ரூபவாகினி தொடங்கியது 1982ஆம் ஆண்டு. அதற்குப் பிறகு கொடைக்கானலில் இருந்து வருகிற தூரதர்ஷனைப் பிடிப்பதற்காகவே எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நீட்டுக் குழாய்களில் அன்ரெனா ஏறியது. எங்கள் அப்பா ஓட்டில் ஏறி நின்று குழாயைத் திருப்புவார். அம்மா ஹோலுக்குள் நின்று "வருது, வருது, ஐயோ போட்டுது" என்பா. இடையில் விறாந்தையில் நின்று அந்தச் செய்தியை மேலே கடத்துவது என்னுடைய வேலை. கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம் காற்று வளத்தைப் பொறுத்து வரும், போகும். சில நாட்களில் ஒளியும் இருக்காது, ஒலியும் இருக்காது, புள்ளிமழை மட்டும்தான்.

1990இல் கரண்ட் போனதோடு அதுவும் போயிற்று. பிறகு பல வருடங்களுக்கு ரிவி பார்ப்பது என்றால் கலியாண வீட்டுக்குப் பந்தல் போடுகிற மாதிரி ஓர் ஏற்பாடு. ரிவி ஒரு இடத்தில், வீடியோ டெக் ஒரு இடத்தில், ஜெனரேட்டர் ஒரு இடத்தில் வாடகைக்கு எடுத்து, அயலெல்லாம் காசு சேர்த்து, மண்ணெண்ணெய் வாங்கி, ஒரே இரவில் மூன்று நான்கு படம் ஓட்டுவார்கள். மூன்றாவது படத்தின் நடுவில் எண்ணெய் முடிந்துபோய், முடிவு தெரியாமலே வீட்டுக்கு வந்த அனுபவம் எனக்கு இருக்கிறது. அந்தப் படத்தின் முடிவை நான் இன்றைக்கும் பார்க்கவில்லை. பிடிவாதமாகத்தான்.

இப்போது அதே வீட்டில் ஐந்து திரை. ஹோலில் ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று, மாமாவின் அறையில் ஒன்று, மகளின் ராப், மகனின் போன். மாமா என்பது இவருடைய அப்பா. மாமி தவறிய பிறகு எங்களோடு வந்துவிட்டார். ஐந்து திரையிலும் ஒரே நேரத்தில் ஐந்து விதமான படம் தெரியவேண்டும். அதைச் செய்து முடிக்க எனக்குப் போன வருடத்துக்கு முந்திய வருடம், அதாவது 2024இல், சித்திரையும் வைகாசியும் முழுதாகப் போயின. செய்தது நான்தான். இவர் ஏணி பிடித்தார்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் கரைச்சல் முழுக்க வீட்டினால்தான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கிற எங்கள் வீடு அம்மம்மாவின் அம்மாவுக்குச் சீதனமாகக் கட்டியது. நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள், பனைமர வளையும் சிலாகையும், மேலே ஓடு. சுவர் சுண்ணாம்புக் கல். குடாநாட்டில் எங்கே ஒரு முழம் தோண்டினாலும் வருகிற அதே கல்தான். வெட்டி அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து வைத்து, ஒன்றரை அடி மொத்தத்தில் எழுப்பியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் உள்ளே வந்தால் உடம்பு குளிரும். அந்தச் சுவரைக் கட்டியவர்களுக்கு நூறு கும்பிடு. ஆனால் வெயிலை மறிக்கிற சுவர் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா?

ஃபைபர் இணைப்புத் தந்த கொம்பனியின் ஆட்கள் வந்த அன்று, தெருவில் இருந்து வருகிற கம்பியை முன் விறாந்தையில் முதல் கண்ட ஆணியிலேயே நிறுத்தி, பெட்டியைப் பூட்டிவிட்டு, கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். "உள்ளுக்குக் கொண்டுபோய்ப் பூட்டுங்கோ தம்பி" என்று கேட்டேன். "கம்பி இவ்வளவுதான் அக்கா" என்றார்கள். வீட்டின் ஒரு மூலையில் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, குசினிக்கு வெளிச்சம் போதவில்லை என்று பிறகு நாங்கள் அழுதோம்.

முதலில் நான் செய்த பிழை எல்லோரும் செய்கிற பிழை. படம் நின்று நின்று சுற்றுகிறது, ஆகவே வேகம் போதாது, ஆகவே பெரிய பக்கேஜ். மாதக் காசு கூடியது. மகள் தூணடியிலேயே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற அமர இருந்து கணக்குப் பார்த்தேன். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், இதை முதலிலேயே செய்திருக்கவேண்டும். நெட்ஃபிளிக்ஸ் சொல்கிற கணக்கின்படி முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (ஒரு செக்கனுக்கு இத்தனை மெகாபிட் என்கிற வேகக் கணக்கு) போதும், அதைவிடத் துல்லியமான 4கே படத்துக்கு 15. எங்கள் ஐந்து திரையும் ஒன்றாக முழு எச்டியில் ஓடினாலும் 25தான். பழைய பக்கேஜே அதற்குத் தாராளம். போனை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய் அளந்தேன். விறாந்தையில் பெட்டிக்குக் கீழே 90. ஹோலில் 40. அம்மாவின் அறை வாசலில் 11, கட்டிலடியில் 3. மாமாவின் பின்னறையில் அளக்கிற பக்கமே திறக்கவில்லை. குழாயில் தண்ணீர் நிறைய வருகிறது, வாய்க்கால்தான் இல்லை.

ரவுட்டர், அதாவது விறாந்தையில் பூட்டிய அந்தப் பெட்டி, இரண்டு அலைவரிசையில் பேசும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது, சுவரைக் கொஞ்சம் ஊடுருவும். எங்கள் மாதிரி வீட்டில் இரண்டு சுவர் தாண்டினால் இரண்டுமே இல்லை. இதற்குள் அம்மாவின் அறையில் சுவரோடு ஒட்டி ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்பு அலுமாரி. அது அலையைத் திருப்பி அடித்துவிடும். அலுமாரியை அரக்கலாமா என்று கேட்டேன். "அது நான் கலியாணம் கட்டி வந்த நாள் துவக்கம் நிண்ட இடம்" என்றா அம்மா. சுவரோடும் அம்மாவோடும் வாதாடிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பிழை, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்புகிற, சுவரில் சொருகுகிற ரிப்பீட்டர் ஒன்று வாங்கியது. மகள் அறை வாசலில் பூட்டினேன். கோடு நாலும் எழும்பிவிட்டது. மகள் வந்து கட்டிப்பிடித்தாள். அன்றிரவே படம் சுற்றத் தொடங்கியது. கோடு நிறைய இருப்பது ரிப்பீட்டருக்கும் ராப்புக்கும் இடையில் மட்டும்தான். அந்த ரிப்பீட்டருக்கு ரவுட்டரில் இருந்து வந்து சேர்வதே சொற்பம். அதுவும் மலிவான ரிப்பீட்டர் ஒரே வாயால் கேட்டு அதே வாயால் சொல்கிறது, ஆகவே வந்த வேகம் பாதியாகிறது. விறாந்தையில் நின்ற என் சிறுபிள்ளை வேலைதான் அது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று நான் கத்தியதைப் போலத்தான்.

ஆகவே வயர்.

கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் கேட் 6 கேபிள் கேட்டேன். எனக்கு வேண்டியது 22 மீற்றர். இந்த வகைக் கேபிள் 100 மீற்றர் வரைக்கும் சளைக்காமல் ஓடும், ஆகவே தூரம் ஒரு பிரச்சினை இல்லை. வாங்கிக்கொண்டு வந்து நுனியைச் சீவிப் பார்த்தால், செம்பு நிறம் மேலே மட்டும். பிளேட்டால் மெல்லச் சுரண்டினேன், உள்ளே வெள்ளையாக மினுங்கியது. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. பித்தளைக் குடத்துக்குத் தங்க முலாம் பூசி விற்ற மாதிரி. அலுமினியக் கம்பி வளைத்தால் முறியும், தூரம் கூடினால் சோரும். திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் முகம் கறுத்தாலும் வேறு சுருளை எடுத்துத் தந்தார். அதையும் அவர் முன்னாலேயே சுரண்டிப் பார்த்துத்தான் வாங்கினேன். வரிசையில் நின்ற ஒரு பெடியன், "ரீச்சர், நானும் உதுதான் வாங்கினனான்" என்றான் மெல்ல.

கேபிளை அப்படியே வளை மேல் விடமுடியாது. எங்கள் ஓட்டுக்குக் கீழே அணில் குடும்பம் ஒன்று நிரந்தரக் குடியிருப்பு. அணில் வயரைக் கொறிப்பதில் அப்படி என்ன சுகம் காண்கிறதோ. அரை அங்குல பிவிசி குழாய்க்குள் விட்டு, குழாயைச் சிலாகையோடு கட்டினோம். மின்சார வயர் போகிற பக்கத்தை விட்டு மறுபக்கத்தால் கொண்டுபோனோம், இரண்டையும் ஒட்டவிட்டால் ஒன்றின் இரைச்சல் மற்றதில் ஏறும். இவர் ஏணி பிடிக்க, நான் தலையில் ஒட்டடையோடு மேலே. இடையில் ஒரு பழைய பீங்கான் குமிழ் கையில் பட்டது. அன்ரெனா வயரை இறக்க அப்பா பூட்டியது. அதை அங்கேயே விட்டுவிட்டு, குழாயை அதற்குப் பக்கத்தால் கொண்டுபோனேன்.

பிறகு கேபிள் நுனிக்குத் தலை பூட்டுகிற வேலை. இதைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் வீட்டில் எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்கள், நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன். ஆர்ஜே 45 என்கிற அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்ரிக் துண்டு சுண்டுவிரல் நகத்தளவு. அதற்குள் எட்டு வயர். இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும். முறுக்கு அழகுக்கு இல்லை, வெளி இரைச்சலை அந்த முறுக்குத்தான் தின்றுவிடுகிறது. ஆகவே அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக்கூடாது. பிரித்து, நேராக்கி, வரிசைப்படுத்தவேண்டும்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பச்சையைப் பாருங்கள், தன் சோடியை விட்டு நீலத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. அதில்தான் எல்லோரும் பிழைவிடுவார்கள். மாலைக்குப் பூ வைப்பது போல எட்டையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தட்டையாகப் பிடித்து, நுனியை ஒரே வெட்டாக வெட்டி, துண்டுக்குள் தள்ளி, கண்ணாடியின் முகப்பில் எட்டு செம்புப் புள்ளியும் தெரிகிறதா என்று பார்த்து, குறட்டால் ஒரே அமத்து.

முதல் மூன்று தலை பழுது. நாலாவது சரி என்றுதான் நினைத்தேன். சோதிக்கிற பெட்டியில் ஒன்று, இரண்டு என்று விளக்கு ஓடி, ஏழில் எரியாமல் எட்டுக்குப் போனது. வெள்ளை-மண்ணிறம் உள்ளே போய்ச் சேரவில்லை. நகைச்சுவை என்னவென்றால், இந்தக் குறையோடும் இணையம் வரும். 100 எம்பிபிஎஸ் வரைக்கும் நாலு வயரே போதும், எட்டும் வேண்டியது அதற்கு மேலே போகத்தான். பேசாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. வெட்டிப்போட்டுத் திரும்பப் பூட்டினேன். படிப்பிக்கிறவளுக்கு ஏழாவது விளக்கு எரியாமல் நித்திரை வராது.

அந்தக் கேபிளின் மறுமுனையில் வைக்கப் புது மெசின் எதுவும் வாங்கவில்லை. பழைய ரவுட்டர் ஒன்று அலுமாரிக்கு மேல் தூசு பிடித்துக் கிடந்தது. ஆனால் அப்படியே பூட்டினால் சண்டை வரும். எங்கள் இரண்டு ரவுட்டரும் தங்களை 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டு, வருகிற போன்களுக்கெல்லாம் இலக்கம் கொடுக்கத் தொடங்கிவிடும். ஓர் ஊருக்கு ரெண்டு விதானை. ஆகவே பழையதின் இலக்கத்தை 192.168.1.2 என்று மாற்றி, இலக்கம் கொடுக்கிற டிஎச்சிபி வேலையை நிறுத்தி, வெளிக்கம்பி பூட்டுகிற நீல ஓட்டையை விட்டுவிட்டு மற்ற மஞ்சள் ஓட்டைகளில் ஒன்றில் கேபிளைச் சொருகினேன் (ஓட்டையின் நிறம் உங்கள் ரவுட்டரில் வேறாக இருக்கலாம், ஓட்டைக்கு மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள்). இப்போது அது விதானை இல்லை, விதானையின் ஆள். பேரும் பாஸ்வேர்ட்டும் இரண்டிலும் ஒன்றாக வைத்தேன். 2.4இல் முன்னதை ஒன்றாம் சானலிலும் பின்னதைப் பதினோராம் சானலிலும் விட்டேன். ஒன்று, ஆறு, பதினொன்று என்கிற மூன்றும்தான் ஒன்றை ஒன்று மிதிக்காதவை.

இப்படி ஒரே வலையாகச் செய்வதில் இன்னொரு நன்மை. போனில் இருக்கிற படத்தை ரிவிக்கு அனுப்பவேண்டும் என்றால் போனும் ரிவியும் ஒரே வலையில் இருக்கவேண்டும். பின்னறை தனி வலையாக இருந்த இரண்டு நாளும் மகன், "அப்பப்பான்ர ரிவிய என்ர போன் காணுதில்ல" என்று திரிந்தான்.

ஹோல் ரிவிக்கும் அம்மாவின் ரிவிக்கும் நேரே வயர். வைஃபையை ஓடித்திரிகிறவர்களுக்கு விட்டுவிட்டு, ஓரிடத்தில் நிற்கிறவைக்கு வயர் கொடுத்தால் இரு பகுதிக்கும் நிம்மதி.

அடுத்தது பெட்டி. அம்மாவின் ரிவி பழையது, அதற்கு இணையம் தெரியாது. மலிவாகக் கிடைத்ததென்று ஓர் அண்ட்ராய்ட் பெட்டி வாங்கினேன். மட்டையில் பொன்னெழுத்தில் 4கே. பூட்டினால் முகங்களெல்லாம் தண்ணீருக்குள் இருந்து பார்க்கிற மாதிரி. வேகத்தை அளந்தேன், 80. கேபிளை மாற்றினேன், ரிவியைத் திட்டினேன், இரண்டு நாள் போனது. பெட்டிக்கு உள்ளே வைட்வைன் என்கிற பூட்டு ஒன்று இருக்கிறதாம். படத்தைக் களவெடுக்காமல் காட்டுகிற சாதனம் என்று அத்தாட்சி பெற்றதற்குத்தான் படத் தளங்கள் எச்டி கொடுக்கும். மற்றதற்கெல்லாம் 480பி என்கிற மங்கல் படத்தோடு சரி, பெட்டிக்குள் எவ்வளவு பெலம் இருந்தாலும். அந்தப் பெட்டி இப்போது மகனிடம் விளையாட்டுச் சாமான். அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டு இரண்டாவதை வாங்கினேன். கடையில் "அதென்ன?" என்றார்கள்.

மாமாவின் ரிவிக்கு, பின்னால் சொருகினால் இணையப் படம் காட்டுகிற ஒரு ஸ்ரிக். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து தானாக எழும்பியது. மாமா அதற்குப் பழகிவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ரிவியின் யூஎஸ்பி ஓட்டையில் இருந்து அதற்குக் கரண்ட் எடுத்திருந்தேன். பழைய ரிவிகளின் ஓட்டை அரை அம்பியர்தான் தரும், ஸ்ரிக் கேட்பது அதற்கு மேலே. அதோடு வந்த சார்ஜரைச் சுவரில் சொருகியவுடன் சுகமாயிற்று. "நான் அதை வயசுபோன ரிவி எண்டெல்லோ நினைச்சனான்" என்றார்.

சந்தா விசயம் வேறு கதை. அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஓடியது கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிற தங்கச்சியின் நெட்ஃபிளிக்ஸ் கணக்கு. யாழ்ப்பாணத்தில் இப்படி ரொறன்ரோவிலும் பாரிஸிலும் லண்டனிலும் வேர்விட்ட சந்தாக்களில் எத்தனை ரிவி ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒருநாள் திரையில், இது இந்தக் கணக்கின் வீட்டுக்குரிய ரிவி இல்லை என்று வந்து நின்றது. தங்கச்சியின் மின்னஞ்சலுக்கு ஓர் இலக்கம் போகும், அதை 15 நிமிடத்துக்குள் அடிக்கவேண்டும். எங்களுக்கு இரவு ஒன்பது மணி என்றால் கோடையில் அங்கே காலை பதினொன்றரை. அவள் வேலையில், போன் லொக்கரில். அம்மாவுக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. "வீட்டுக்குரியது இல்லையாம். அப்ப அவள் இந்த வீட்டுப் பிள்ளை இல்லையோ?" என்று திரையைப் பார்த்துக் கேட்டா. தங்கச்சிக்கு அதைச் சொல்லவில்லை. அடுத்த கிழமை எங்கள் பேரில் தனிச் சந்தா எடுத்தேன்.

எடுக்கும்போது எத்தனை திரை என்று பார்த்து எடுக்கவேண்டும். நெட்ஃபிளிக்ஸில் ஸ்ராண்டர்ட் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு, பிரீமியம் என்றால் நாலு. எத்தனை சாதனத்தில் பூட்டியிருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, ஒரே நேரத்தில் எத்தனை ஓடுகிறது என்பதுதான். ஐந்து திரை இருந்தாலும் மாமாவுக்குச் செய்தியும் கிரிக்கெட்டும் தவிர வேறு வேண்டாம், மகனுக்கு யூடியூப். ஆகவே இரண்டே போதும் என்று துணிந்தேன். இது வரைக்கும் ஒரு தடவைதான் முட்டியது, அம்மா ரிவியை அணைக்காமல் நித்திரையாகிப் போன அன்று.

தலைக்கொரு புரொஃபைல் வைத்ததும் அப்போதுதான். அதற்கு முதல் எல்லோரும் தங்கச்சியின் ஒரே பேரில் பார்த்ததால், அம்மா திறந்தால் கொரியன் காதல், மகள் திறந்தால் பக்திப்படம். ஆனால் அந்தக் குழப்பத்தில் அம்மா ஒரு கொரியன் தொடருக்குள் விழுந்துவிட்டா, தமிழ்க் குரல் கொடுத்தது. "அதுகளும் எங்களை மாதிரித்தான், மாமிமாருக்குப் பயம்" என்பது அவவின் முடிவு.

எங்களுக்கு வரையறையில்லாத இணைப்பு இல்லை. மாதத்துக்கு இவ்வளவு ஜிபி, முடிந்தால் ஆமை வேகம். எச்டியில் ஒரு மணித்தியாலம் ஏறக்குறைய 3 ஜிபி குடிக்கும், 4கே என்றால் 7 வரைக்கும் போகும். நாலு திரை மூன்று மணித்தியாலம் ஓடினால் ஒரு நாளைக்கு 36 ஜிபி, மாதம் ஆயிரத்தைத் தாண்டும். முதல் மாதம் எங்களுக்குப் பதினோராம் தேதியே முடிந்துவிட்டது. பக்கேஜை ஏற்றவில்லை. ராப்பின் புரொஃபைலில் தரத்தை நடுத்தரத்துக்கு இறக்கினேன், அது மணிக்கு 0.7 ஜிபிதான். அந்தச் சிறிய திரையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இறக்கினேன் என்று சொல்லவும் இல்லை. இதை வாசித்தால்தான் மகளுக்குத் தெரியவரும்.

இடிக்குப் பயம் இருக்கவேண்டும். சித்திரை மாதத்துப் பின்னேரங்களிலும் ஐப்பசியிலும் எங்கள் பக்கம் இடி அதிகம். ஃபைபர் கண்ணாடி இழை, அதனால் மின்னல் வராது. ஆனால் கரண்ட் வயராலும் வீட்டுக்குள் ஓடுகிற செம்புக் கேபிளாலும் வரும். வளவுக்குள் தனியாக இருக்கிற குசினிக்கும் கேபிள் இழுக்கலாமே என்று இவர் சொன்னார், வெளியால் செம்பு வேண்டாம் என்று நான் மறுத்துவிட்டேன். இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கைக் கழற்றுவதுதான் எங்கள் வைத்தியம். கரண்ட் நின்றால் தாக்குப்பிடிக்க ரவுட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று 2022இல் வாங்கியது இருக்கிறது. அந்த வருடம் மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்ததை மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். ரிவி செத்துக் கிடக்க, இருட்டுக்குள் ராப்பில் படம் ஓடும். மண்ணெண்ணெய் மணம் மட்டும்தான் குறை.

எல்லாம் பூட்டி முடிய அம்மாவின் முன்னால் மூன்று ரிமோட். ரிவிக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, பழைய டிஷ்ஷுக்கு ஒன்று. எழுதிக் கொடுத்தேன், படம் கீறிக் கொடுத்தேன், ஒரு கிழமையாக ஒவ்வொரு இரவும் "பிள்ளை, இது கறுப்பாய்ப் போச்சு" என்று கூப்பிடுகிறா. ஒருநாள் கூப்பாடு நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், பெட்டி ரிமோட்டில் தொடக்கப் பக்கத்துக்குப் போகிற பொத்தானுக்கு மேல் ஒரு சிவப்பு ஸ்ரிக்கர் பொட்டு. ரிவியை எழுப்புகிற பொத்தானில் ஒரு கறுப்புப் பொட்டு. கண்ணாடியில் ஒட்டி வைக்கிற பொட்டுகளில் இருந்து எடுத்தது. கறுப்பு, பிறகு சிவப்பு. எழுத்தும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், விரலுக்கே தெரியும். இத்தனை வருடம் ரிமோட் செய்கிற ஒரு கொம்பனிக்கும் இது ஏன் தோன்றவில்லை?

ஆனி மாதம் வந்தது. எல்லா அறையிலும் எல்லாம் ஓடியது. மகள் கட்டிலுக்குப் போய்விட்டாள். நானும் குறட்டைக் கழுவித் துடைத்து எடுத்து வைத்துவிட்டேன்.

2024 ஜூன் 29, இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதிப் போட்டி, இந்தியாவும் தென்னாபிரிக்காவும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது. ஹோலில் நானும் இவரும். மகன் தன் போனோடு விறாந்தையில். மாமா தன் அறையில், தன் ரிவியில், தனியாக. அவருக்குக் கிரிக்கெட் பார்க்கும்போது ஆள் கதைக்கக்கூடாது. பக்கத்து வீட்டில் டிஷ். எல்லாத் திரையிலும் ஒரே ஆட்டம், ஒரு சுற்றும் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை. எனக்குப் பெருமை.

கடைசி ஓவர். தென்னாபிரிக்காவுக்கு 16 ஓட்டம் வேண்டும், மில்லர் முன்னால் நிற்கிறார். எங்கள் திரையில் பாண்ட்யா இன்னும் ஓடி வரத் தொடங்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் வீடு இடிந்தாற்போல ஒரு கத்தல். நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் விறாந்தையில் மகன் "ஓஓஓ" என்று துள்ளினான். பிறகுதான் எங்கள் திரையில் மில்லர் தூக்கி அடித்தார், சூர்யகுமார் எல்லைக்கோட்டில் பிடித்து, பந்தை உள்ளே எறிந்துவிட்டு வெளியே போய், திரும்ப வந்து பிடித்தார். நாங்கள் கத்தினோம். பின்னறையில் இருந்து மாமாவின் குரல்:

"பொறுங்கோடா! இஞ்ச இன்னும் பந்து போடேல்ல!"

அடுத்த நாள் இருந்து படித்தேன். நேரடி ஆட்டத்தைச் சில செக்கன் துண்டுகளாக வெட்டித்தான் இணையத்தில் அனுப்புகிறார்கள். வாங்குகிற பெட்டி உடனே காட்டாது. நடுவில் தடங்கல் வந்தாலும் சமாளிக்க இரண்டு மூன்று துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் தொடங்கும். எந்தப் பெட்டி எத்தனை துண்டு சேர்க்கும் என்பது அதன் குணம். இடையில் ஒருக்கா அணைத்துத் திறந்தால் அதுவும் மாறும். டிஷ்ஷுக்கு இந்தத் துண்டு சேர்க்கிற காத்திருப்பு இல்லை, சில செக்கனோடு காரியம் முடிந்துவிடும். ஆகவே பக்கத்து வீடு முன்னால், நாங்கள் அரை நிமிடம் பின்னால், மாமா எங்களுக்கும் பின்னால். நான் இழுத்த கேபிளில் ஒரு பிழையும் இல்லை. இதைக் கேபிளால் திருத்தவும் முடியாது.

மாமாவுக்குப் பழைய டிஷ்ஷையே திரும்பப் பூட்டித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இப்போது ஆட்ட நாட்களில் கதிரையை யன்னல் பக்கம் அரக்கிப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் நாங்கள் வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு இருக்கிறார். பக்கத்து வீடு கத்தலாம், அதற்குத் தடையில்லை. அங்கே சத்தம் எழும்பினால் மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைப்பார், கண்ணாடியைச் சரிசெய்வார், நிமிர்ந்து இருப்பார். ஏதோ வருகிறது என்று தெரியும். விக்கெட்டா சிக்சரா என்று மட்டும் தெரியாது.